சைடு வீலைக் கழற்றினேன், மகள் இப்போது சைக்கிளைத் தொடவே மாட்டேன் என்கிறாள்

திருச்சித் தகப்பன் (சனி, இரவு 9.40)

மகளுக்கு ஏழு முடிந்து நாலு மாதம். ஐந்து வயதில் வாங்கிய 16 இன்ச் சைக்கிள். இரண்டு பக்கமும் சைடு வீலோடு அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்கில் ரவுண்டு அடிப்பாள். எதிர் வீட்டுப் பையன் "இன்னும் குட்டி வீலா?" என்று கேட்டுவிட்டான். அன்றைக்கே கழற்றச் சொன்னாள், கழற்றினேன். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். எங்கள் அப்பா எனக்குச் செய்த மாதிரியே, சொல்லாமல் கையை விட்டேன். பத்தடி போனாள், திரும்பிப் பார்த்தாள், நான் தூரத்தில் நிற்கிறேன். நிறுத்தி வைத்திருந்த ஸ்கூட்டரில் போய் மோதினாள்.

அடி பெரிதில்லை, முழங்கை தேய்ந்ததோடு சரி. ஆனால் "பிடிச்சிருக்கேன்னு பொய் சொன்னே" என்று பதினைந்து நாளாக வண்டிப் பக்கமே போகவில்லை.

வீட்டில் மூன்று கட்சி. அப்பா: விழாமல் யார் கற்றார்கள், நாளைக்கே ஏற்று. மனைவி: வண்டி சின்னதாகிவிட்டது, கியர் வைத்த 20 இன்ச் வாங்கினால் ஆசையில் ஓட்டுவாள். நான்: மறுபடியும் சைடு வீலை மாட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஹிந்தி கிளாஸ் 400 மீட்டர் தூரம்தான், நடுவில் ஒரு பஸ் ரோடு. பழகிவிட்டால் அடுத்த வருடம் தனியாக அனுப்பலாமா?

---

டைனமோ (சனி, இரவு 10.25)

சார், சைடு வீலை மட்டும் மாட்டாதீர்கள். மதுரையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி என்று மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட கடை. நான் சொல்வதில் சைடு வீல் வியாபாரம் எனக்கு நஷ்டம்தான்.

சைடு வீல் விழாமல் தாங்குமே தவிர பேலன்ஸ் சொல்லிக்கொடுக்காது. இரண்டு சக்கர வண்டி இடது பக்கம் சாய்ந்தால் ஹேண்டிலையும் துளி இடது பக்கமே திருப்ப வேண்டும். சக்கரம் உடம்புக்குக் கீழே வந்து நிமிர்த்திவிடும். நீங்களும் நானும் யோசிக்காமல் செய்வது அதைத்தான். சைடு வீல் வண்டி சாயவே சாயாது, அதனால் இதைக் கற்க வழியே இல்லை. உங்கள் பாப்பா இரண்டு வருடம் ஓட்டியது மூன்று சக்கர வண்டி மாதிரி ஒன்று. அதை மறக்கத்தான் நாள் ஆகும்.

செய்ய வேண்டியது: இரண்டு பெடலையும் கழற்றுங்கள். பெரும்பாலும் 15-ம் நம்பர் ஸ்பானர் போதும். வலது பெடல் எல்லா போல்ட்டையும் போல இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். குழப்பமாக இருந்தால் ஸ்பானர் மேலே நிற்கிற மாதிரி மாட்டிக்கொண்டு பின்சக்கரம் பக்கமாகத் தள்ளுங்கள். இரண்டு பெடலுமே அப்படித்தான் கழலும்.

சீட்டை அடியோடு இறக்குங்கள். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். அப்புறம் கண்ணுக்கே தெரியாத சரிவு ஒன்றைப் பாருங்கள், தரை வழவழப்பாக இருக்கட்டும். காலால் தள்ளித் தள்ளிப் போகட்டும். நீங்கள் எதையும் பிடிக்க வேண்டாம். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லுங்கள். பத்து வரைக்கும் எண்ண முடிந்த அன்றைக்குப் பெடலை மாட்டலாம். பழைய சின்ன வண்டி இதற்குத்தான் லாயக்கு, இப்போதைக்கு 20 இன்ச் வாங்காதீர்கள். "வளர்கிற பிள்ளை" என்று பெரிதாக வாங்கச் சட்டையா இது? கால் எட்டாத வண்டியில் பயம் இரட்டிப்பாகும்.

---

மான்ஹைம் மழை (சனி, இரவு 11.10)

டைனமோ அண்ணா சொல்வது புதிதும் இல்லை. நான் இருக்கும் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில்தான் கார்ல் டிரைஸ் 1817 ஜூன் 12 அன்று தன் இரண்டு சக்கர மர வண்டியை முதன்முதலாக ஓட்டிக் காட்டினார். அதில் பெடலே கிடையாது, காலால் தள்ளித்தான் போனார். பெடல் வந்தது பல பத்து ஆண்டு கழித்து. சைக்கிள் எந்த வரிசையில் பிறந்ததோ அந்த வரிசையில் பிள்ளையும் கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இங்கே இரண்டு மூன்று வயதிலேயே பெடல் இல்லாத வண்டியில் தெருவெல்லாம் ஓடுவார்கள். என் பையன் நாலு வயதில் பெடல் வண்டிக்கு மாறியது ஒரே சாயங்காலத்தில்.

ஒரு எச்சரிக்கை. போன வருடம் லீவுக்குத் தஞ்சாவூர் வந்தபோது பக்கத்து வீட்டு சைக்கிளை அவனிடம் கொடுத்தோம். இங்கே சிறுவர் வண்டிகளில் பெடலைப் பின்னால் மிதித்தால் வண்டி நிற்கிற மாதிரி பிரேக் நிறைய உண்டு. அவன் பழகியது அதில்தான். தஞ்சாவூர் வண்டியில் பின்னால் மிதி மிதி என்று மிதித்தான், பெடல் சும்மா சுற்றியது. மாமியார் துளசி மாடத்துக்கு இரண்டடி தள்ளி வாழைக்கன்றில் போய் நின்றான். கைப் பிரேக்கிலும் வித்தியாசம் இருக்கிறது. இங்கே பொதுவாக இடது கை முன்சக்கரத்துக்கு, ஊரில் வலது கை. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வருபவர்கள் முதலில் பிரேக்கை அறிமுகம் செய்துவிட்டு அப்புறம் வண்டியைக் கொடுங்கள்.

---

காரசாரம் (ஞாயிறு, காலை 7.05)

ஒரு சைக்கிளுக்கு ஜெர்மனி வரைக்கும் போயாச்சா? நாங்கள் அப்பா வண்டியில் குரங்கு பெடல் போட்டுக் கற்றவர்கள். பாருக்கு அடியில் ஒரு காலை விட்டு, சீட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊரையே சுற்றினோம். ஹெல்மெட் எல்லாம் கண்ணால் கண்டதில்லை. செத்தா போய்விட்டோம்? தாத்தா சொல்வதுதான் சரி. அப்புறம், ரோட்டுக்குப் போனால் வலது பக்க ஓரமாகப் போகச் சொல்லுங்கள். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும், பின்னால் வந்து இடிக்கிற பயம் இருக்காது.

---

கீரமங்கலத்தாள் (ஞாயிறு, காலை 8.30)

காரசாரம் தம்பி, குரங்கு பெடலை நானும் போட்டிருக்கிறேன், குறை சொல்ல மனசு வராது. ஆனால் அதில் நாம் கற்காமல் விட்டது ஒன்று உண்டு.

1991-92ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கினார்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த நேரம். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காமல், பார் வைத்த ஆம்பளை வண்டியையே பெண்கள் எடுத்தார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. எங்கள் அம்மா அப்படிக் கற்றவர். நான் அப்போது ஆறாவது, அம்மாவுக்குப் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியது நான்தான். மகள் அம்மாவுக்குச் சைக்கிள் பழக்கியதைப் பார்க்கக் கண்மாய்க் கரையில் ஒரு கூட்டமே நின்றது.

பத்து நாளில் அம்மா ஓட்டிவிட்டார். நிறுத்தத்தான் தெரியவில்லை. ஏறுவதற்கு ஒரு மதகுக் கட்டை, இறங்குவதற்கு ஒரு மைல் கல் என்று வழியெல்லாம் குறித்து வைத்திருந்தார். மைல் கல் வந்ததும் ஒரு காலை அதன்மேல் ஊன்றி இறங்குவார். பிரேக் என்ற ஒன்றை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒருநாள் ரோடு வேலைக்காக அந்தக் கல்லைப் பிடுங்கிவிட்டார்கள். அம்மா ஆலங்குடி போகும் பாதையில் பாதி தூரம் நிற்க முடியாமலே போனார். இன்றைக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்வார். அன்றைக்கு ஒரு லாரி வந்திருந்தால் சிரிப்பு ஏது.

திருச்சித் தம்பி, ஓடப் பழகும் முன்னால் நிற்கப் பழக்குங்கள்.

---

பி.டி. மாஸ்டர் (ஞாயிறு, காலை 10.15)

கீரமங்கலத்து அம்மா சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியராக எனக்கு 19 வருடம். பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா சைக்கிள் கொடுக்கும் அன்று மைதானத்தில் நிற்பவன் நான். எல்லாருக்கும் ஓட்டத் தெரியும். "பத்தடியில் நிறுத்து" என்றால் பாதிப் பேர் செருப்பைத் தரையில் தேய்ப்பார்கள். வலது கைப் பிரேக் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று கேட்டால் மேலே பார்ப்பார்கள். பேலன்ஸ் இரண்டு நாள் வேலை சார். மிச்சமெல்லாம்தான் வருடக்கணக்கு.

முதலில் வலது பக்கம் ஓட்டுகிற விஷயம். அது தப்பு. ஓரத்தில் நடைபாதை இல்லாத ரோட்டில் நடக்கிறவர்தான் எதிர்வரும் வண்டியைப் பார்த்து வலது பக்கம் நடக்க வேண்டும். சைக்கிள் ஒரு வண்டி, இடது பக்கம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். சைக்கிள் 15 கிலோமீட்டர் வேகம், பைக் 40. ஒரே திசையில் போனால் பைக் உங்களை நெருங்கும் வேகம் 25. எதிரும் புதிருமாக என்றால் 55. பைக்காரர் பிரேக் போட யோசிக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதோடு, சந்திலிருந்து இடது பக்கம் திரும்பி ரோட்டில் ஏறுகிறவர் தன் வலது பக்கத்தை மட்டும்தான் பார்ப்பார், அங்கிருந்துதான் வண்டி வரும் என்பதால். இடது பக்கமிருந்து எதிர்த்திசையில் வருகிற உங்கள் பிள்ளை அவர் கணக்கிலேயே இல்லை.

நான் மைதானத்தில் செய்வது இரண்டு விளையாட்டு. சாக்பீஸில் ஒரு கோடு. முன்சக்கரம் கோட்டைத் தொட்டு நிற்க வேண்டும், தாண்டினால் அவுட். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெதுவாகத் தொடங்கி இறுக்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் சடாரென்று பிடித்தால் பின்சக்கரம் தூக்கிவிடும், பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் வண்டி நிற்க நேரமாகும். மணலில் இன்னும் மோசம். ஏழு வயது விரல் பிரேக் பிடிக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், திருகினால் பிடி கிட்டே வரும். கடைக்காரர்கூட அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. (டைனமோ மன்னிக்கவும்.)

இரண்டாவது, பின்னால் பார்ப்பது. பிள்ளை நேர்க்கோட்டில் ஓட்ட வேண்டும். நீங்கள் பின்னால் நின்று விரல்களைக் காட்டுங்கள். வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று கத்த வேண்டும், கோட்டை விட்டு விலகக் கூடாது. முதலில் திரும்புகிற பக்கமெல்லாம் ஹேண்டிலும் திரும்பும். அது நின்ற பிறகு ஒரு கையை நீட்டி சிக்னல் காட்டச் சொல்லுங்கள். இது வராமல் பஸ் ரோடு பற்றிப் பேச்சே வேண்டாம்.

---

டைனமோ (ஞாயிறு, காலை 10.40)

மாஸ்டர், அந்த ஸ்க்ரூவை நான் தொடுவேன்! ஆனால் கேட்டு வருகிறவர் மாதத்துக்கு ஒருத்தர்கூட இல்லை. புது வண்டியில் பிரேக் கேபிள் சில வாரத்தில் இளகிவிடும், ஒருமுறை இழுத்துக் கட்ட வேண்டும். அதற்கும் யாரும் வருவதில்லை, பஞ்சர் ஆனால்தான் வருவார்கள்.

---

நைட் டூட்டி (ஞாயிறு, பிற்பகல் 3.20)

நர்ஸ் வேலை, இருபது வருடத்துக்கு மேல். "செத்தா போய்விட்டோம்" என்று எழுதியவருக்குப் பதில் சொல்ல வரவில்லை. செத்தவர்கள் இங்கே வந்து எழுத மாட்டார்கள் என்பதோடு விடுகிறேன்.

நான் சொல்ல வந்தது யாரும் பேசாத ஒன்று. ஹேண்டில் பாரின் இரண்டு நுனியையும் போய்ப் பாருங்கள். ரப்பர் கிரிப் தேய்ந்து உள்ளே இரும்புக் குழாய் வட்டமாக வெளியே தெரிகிறதா? அது ஆபத்து. பிள்ளை விழும்போது ஹேண்டில் திரும்பி அந்த நுனி வயிற்றில் குத்தும். வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்த வட்டம்தான் இருக்கும், ரத்தம்கூட வராது. உள்ளே கல்லீரல், மண்ணீரல், கணையம் அடிபட்டிருக்கலாம். பிள்ளை எழுந்து விளையாடும், வீட்டுக்கு வந்து சாப்பிடும். சில மணி நேரம் கழித்து வயிற்று வலி, வாந்தி, முகம் வெளுத்துப்போகும். அப்படி ஒரு பையனை எங்களிடம் மறுநாள் காலைதான் கொண்டுவந்தார்கள், சூடு பிடித்துக்கொண்டது என்று நினைத்து வெந்தயம் கொடுத்திருந்தார்கள். ஆபரேஷன் செய்து பிழைத்தான். ஹேண்டில் வயிற்றில் குத்தியது என்று பிள்ளை சொன்னால் வலி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஹெல்மெட்: பைக் ஹெல்மெட்டைப் போட்டுவிடாதீர்கள், பிள்ளைக் கழுத்துக்கு அந்தக் கனம் ஆகாது. சைக்கிள் ஹெல்மெட் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் நேராக உட்கார வேண்டும். வார் இரண்டும் காதுக்குக் கீழே V மாதிரி சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒன்றிரண்டு விரல் நுழைந்தால் போதும். போட்டோவுக்காகப் பின்மண்டையில் தொங்குவது எதற்கும் உதவாது. ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள்.

---

சுன்னாகம் பெடியன் (ஞாயிறு, மாலை 6.00)

நைட் டூட்டி அக்கா சொன்னதோட இன்னொண்டு. யாழ்ப்பாணத்தில நாங்கள் "சைக்கிள் ஓடப் பழகிறது" எண்டுதான் சொல்லுறது. தொண்ணூறுகளில பெற்றோல் கண்ணில காணாத காலம். பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் சைக்கிள்தான். அப்பா உழக்க, நான் பின் கரியரில, தம்பி முன் பாரில. எனக்கு ஆறு வயசு இருக்கும், நித்திரை தூங்கிப் போனன். கால் பின் சில்லுக்க போயிற்று. குதிக்கால் தோல் அப்பிடியே உரிஞ்சு, ரெண்டு மாசம் நடக்கேல்ல. இண்டைக்கும் வலது குதிக்காலில அடையாளம் இருக்கு.

பிள்ளையைப் பின்னால ஏத்துறவை கால் வைக்க மிதியும், சில்லுக்கு மறைப்பும் போடுங்கோ. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையை டபிள்ஸ் ஏத்திறதுக்கு ஒருக்காலும் விடாதேங்கோ.

---

நைட் டூட்டி (ஞாயிறு, மாலை 6.45)

பெடியன் தம்பி, அதே காயம் எங்கள் வார்டிலும் வரும். துப்பட்டா, பாவாடை நாடா, தொளதொள பேண்ட் எல்லாம் செயினுக்கும் சக்கரத்துக்கும் போகிற சாமான்தான். பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் செயின் கவர் இல்லாத "ஸ்போர்ட்ஸ்" வண்டியை ஒருமுறைக்கு இருமுறை யோசித்து வாங்குங்கள்.

---

காரசாரம் (ஞாயிறு, இரவு 8.15)

வலது பக்கம் ஓட்டுவது பற்றி மாஸ்டர் போட்ட கணக்கை ஒப்புக்கொள்கிறேன். என் பையனுக்கு நான் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன், இன்று மாற்றிவிட்டேன். தாத்தா விஷயத்தில் மாற மாட்டேன்.

---

மான்ஹைம் மழை (ஞாயிறு, இரவு 9.00)

தனியாக அனுப்பும் வயது பற்றி யாரும் சொல்லவில்லையே. இங்கே எட்டு வயது முடியும்வரை பிள்ளைகள் நடைபாதையில்தான் ஓட்ட வேண்டும், பத்து முடியும்வரை விரும்பினால் அதிலேயே ஓட்டலாம். ரோட்டைக் கடக்கும்போது இறங்கித் தள்ள வேண்டும். நாலாம் வகுப்பில் போலீஸ்காரர் வந்து ஓட்டச் சொல்லிப் பரீட்சை வைக்கிறார். அதற்குப் பிறகுதான் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்குத் தனியாகச் சைக்கிளில் விடுகிறார்கள். இத்தனைக்கும் இங்கே பஸ் ரோட்டில் நாய் துரத்தாது, எதிர்த்திசையில் ஆட்டோ வராது. ஹெல்மெட் மட்டும் இங்கேயும் சட்டப்படி கட்டாயமில்லை.

---

பி.டி. மாஸ்டர் (ஞாயிறு, இரவு 9.35)

ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு வண்டி வருவது தெரியும், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பது தெரியாது. அது புத்திசாலித்தனம் சம்பந்தப்பட்டதே இல்லை, வயது அப்படி. அடுத்த வருடம் தனியாக வேண்டாம் என்பது என் எண்ணம். கூடவே நீங்களும் ஒரு சைக்கிளில் போங்கள், அவள் முன்னால், நீங்கள் ஒரு வண்டி நீளம் பின்னால், கொஞ்சம் வலது பக்கம் தள்ளி. பஸ் ரோட்டில் இறங்கித் தள்ளிக் கடக்கட்டும்.

ஓரத்தில் ஒட்டி ஓட்டச் சொல்லாதீர்கள். ஒரு கை நீளமாவது விட்டு ஓட்டட்டும். மணல், மூடி இல்லாத சாக்கடை, ஜல்லி எல்லாம் அந்த ஓரத்தில்தான் கிடக்கிறது. நிற்கிற ஆட்டோ, கார் பக்கம் போகும்போது கதவு திறக்கும் என்று நினைத்தே போக வேண்டும். பஸ், லாரிக்கு இடது பக்கம் நுழையவே கூடாது, திரும்பினால் டிரைவருக்குத் தெரியாது. நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காமல் நிறுத்தி இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். மிதித்து ஓடினால்தான் அதற்கும் விளையாட்டு.

---

திருச்சித் தகப்பன் (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 5.50)

எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இடது பெடலோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். தலைகீழ் மரை என்று படித்திருந்தும் கை பழக்கத்தில் இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். அப்புறம் "ஸ்பானர் மேலே, பின்சக்கரம் பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லித் தள்ளினேன், வந்துவிட்டது.

மகளிடம் நான் பிடிக்கவே போவதில்லை என்று சொன்னேன். அதுதான் அவளுக்குப் பிடித்தது. பிடிக்காதவன் விடவும் முடியாது இல்லையா? முதல் நாள் தவளை மாதிரி தள்ளிக்கொண்டு போனாள். இரண்டாவது சனிக்கிழமை ஏழு வரைக்கும் எண்ணினாள். மறுநாள் பதினாலு எண்ணிவிட்டு, "பெடல் மாட்டு" என்றாள். மாட்டினேன். ஒரு பெடலை மணி இரண்டு காட்டும் இடத்தில் வைத்து மிதிக்கச் சொன்னேன். போய்விட்டாள். நான் பத்தடிகூட ஓடவில்லை, கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

கோடு போட்டு நிற்கும் விளையாட்டில் என் அப்பா நடுவர். இரண்டு அங்குலம் தாண்டினாலும் அவுட் என்கிறார், பேத்தி சண்டை போடுகிறாள். விரல் எண்ணும் விளையாட்டு இன்னும் வரவில்லை, திரும்பினால் தூண் பக்கம் போகிறாள். ஹேண்டில் நுனியைப் பார்த்தேன், இடது பக்கம் குழாய் வெளியேதான் இருந்தது. அந்த வண்டியை இரண்டு வருடம் தினமும் துடைத்தவன் நான். புது கிரிப் மாட்டியாயிற்று. ஹிந்தி கிளாஸுக்குத் தாத்தா பழைய வண்டியைத் தூசி தட்டி எடுத்துக் கூடவே போகிறார்.

ஒரு சந்தேகம். இடது பெடல் லேசாகக் கோணலாக நிற்கிற மாதிரி இருக்கிறது. மிதிக்கும்போது டக் டக் என்று சத்தம்.

---

டைனமோ (ஞாயிறு, மாலை 6.05)

சார், ஓட்ட விடாதீர்கள், இப்போதே நிறுத்துங்கள். மரை கோணலாக ஏறியிருக்கிறது. கழற்றி, மரையில் துளி கிரீஸ் தடவி, ஸ்பானர் இல்லாமல் விரலாலேயே நாலைந்து சுற்று ஏற்றுங்கள். விரலுக்கு ஏறவில்லை என்றால் வம்பு பண்ணாமல் பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். கிராங்க்கில் (பெடலை மாட்டும் இரும்புத் தண்டு) மரை போய்விட்டால் பெடல் மிதிக்கும்போதே கழன்று காலோடு வரும்.